கர்னலுக்கு இன்னும் எத்தனை வருஷம்?

நிரந்தரத்தைத் தேடி மனிதகுலம் ஏறாத மலையில்லை, மூழ்காத ஆறில்லை. பாவம், யாருக்கும் முகவரி தெரியவில்லை. நிரந்தரம் இருந்தது நான்காவது மாடியில். லிஃப்டிலிருந்து இறங்கி, இடது பக்கம் திரும்பி, தண்ணீர் கேன் வைத்த மேசையைத் தாண்டினால் ஒரு கண்ணாடிக் கதவு. அதில் 'நீண்டகால ஆதரவுக் குழு' என்று பொன்னிற எழுத்தில் எழுதியிருக்கும். தள்ள வேண்டிய கதவில் 'இழுக்கவும்' என்று ஒட்டியிருக்கும். மற்றபடி நிரந்தரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நிறுவனம் 'நங்கூரம்' என்ற இயங்குதளத்தை வெளியிட்டுவந்தது. கணினி என்பது வெறும் இரும்பு. இயங்குதளம்தான் அதற்கு உயிர். அந்த உயிருக்கும் அடியில், எல்லாருக்கும் கீழே, ஒருவர் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து உழைப்பதற்குப் பெயர் கர்னல். இரண்டு மாதத்துக்கு ஒரு புதுக் கர்னல் வரும். ஆனால் ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், குடிநீர் வாரியம் மாதிரியான இடங்கள் அப்படி அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. "எங்களுக்குப் பழசே போதும், ஓட்டை விழுந்தால் மட்டும் அடைத்துக் கொடுங்கள்" என்பார்கள். "அடைத்துத் தருகிறோம், இத்தனை வருடத்துக்கு" என்று நிறுவனம் கொடுக்கும் வாக்குதான் நீண்டகால ஆதரவு. சுருக்கமாக நீ.ஆ. வேகமாகச் சொன்னால் 'நீயா?' என்று கேட்கும். அது தற்செயல் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஓட்டையை அடைப்பவர் ஒரு பெண்மணி. வயது நாற்பத்தேழு. அவர் போடுவது ஒட்டு என்பதால் அவருக்கு 'ஒட்டு மேடம்' என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. புதுக் கர்னலுக்குத் தைத்த ஒட்டு பழைய கர்னலுக்கு அப்படியே பொருந்தாது. அளவெடுத்து, வெட்டி, பிரித்து, திரும்பத் தைக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் வேறொரு இடத்தில் கிழியும். பதினான்கு வருடமாக ஒட்டு மேடம் தைத்தது ஒன்றுகூடப் பிரிந்ததில்லை.

முதலில் அந்த வேலைக்கு நான்கு பேர் இருந்தார்கள். ஒருவர் நன்றாக வேலை செய்ததால் 'ஆயுள் நீட்டிப்பு மேலாளர்' ஆனார். இரண்டாமவர் அவரைவிட நன்றாகச் செய்ததால் வேலையே செய்யத் தேவையில்லாத அளவுக்கு உயர்ந்தார். மூன்றாமவர் அவர்கள் இருவருக்கும் நடுவே ஒருங்கிணைப்பாளர். இப்படியாகக் கர்னல் எத்தனை வருடம் வாழ வேண்டும் என்று முடிவு செய்யப் பதினோரு பேரும், அதை வாழவைக்க ஒருவரும் என்று ஆள்பலம் 'சீரமைக்க'ப்பட்டது.

அன்றைக்குக் காலை பத்து மணிக்குக் குழு கூடியது.

"எதிர் கம்பெனிக்காரங்க ஆறு வருஷம்னு அறிவிச்சுட்டாங்க சார்" என்றார் விளம்பர அதிகாரி. சாவுச் செய்தி சொல்லும் குரல்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "நாம எத்தனை?"

"அஞ்சு சார்."

"ஏன் அஞ்சு?"

பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆயுள் நீட்டிப்பு மேலாளர் தன் கையை விரித்துப் பார்த்தார். விரல்களை எண்ணியிருக்க வேண்டும்.

"எட்டுன்னு போடுங்க" என்றார் இயக்குநர்.

"ஏழு போதாதா சார்?"

"ஏழுன்னா அவங்களப் பார்த்துப் போட்ட மாதிரி இருக்கும். எட்டுன்னா ஆராய்ச்சி பண்ணின மாதிரி இருக்கும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கோடியில் உட்கார்ந்திருந்த ஒட்டு மேடம் கையைத் தூக்கினார். "சார், இந்த எட்டு வருஷமும் ஒட்டுப் போடறது யாரு?"

"நல்ல கேள்வி" என்றார் இயக்குநர் மனமார. "குறிப்புல எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள்: 'நல்ல கேள்வி ஒன்று கேட்கப்பட்டது.'

எட்டு என்று சுவரொட்டி ஒட்டிய பசை காயவில்லை, எதிர் கம்பெனி பத்து என்றது. இங்கே பன்னிரண்டு என்றார்கள். அங்கே பதினைந்து. ஒவ்வொரு கூட்டத்திலும் கர்னலின் ஆயுள் நாற்காலியை விட்டு எழாமலேயே வளர்ந்தது. மருத்துவ உலகம் இத்தனை காலம் முட்டி மோதியும் சாதிக்காததை ஒரு கறுப்புப் பேனா சாதித்தது. ஒவ்வொரு முறையும் ஒட்டு மேடம் கையைத் தூக்கினார். 'முன்பு கேட்ட நல்ல கேள்வி மீண்டும் கேட்கப்பட்டது' என்று ஒரு மாதக் குறிப்பு. அடுத்த மாதம், 'ஒட்டு மேடம், வழக்கம்போல்.' அதற்கடுத்த மாதம் அவருடைய நாற்காலி தூணுக்குப் பின்னால் போடப்பட்டது.

கடைசியில் இயக்குநர் எழுந்து நின்று, ஜன்னல் வழியாக எதிரே இருந்த வாகன நிறுத்தத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இருபது" என்றார்.

விளம்பர அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருபது வருஷம் கழிச்சு எனக்கு அறுபத்தேழு வயசு சார்" என்றது தூண்.

"வாழ்த்துகள்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அன்று மாலை ஒட்டு மேடம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கூடத்தில் ஒரு கம்ப்ரஸரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன இவ்வளவு சிரிப்பு?"

"இருபது வருஷமாங்க. கர்னலுக்கு."

மெக்கானிக் திருப்புளியைக் கீழே வைத்தார். "நான் இதுக்கு ஆறு மாசம் வாரண்டி எழுதிக் கொடுக்கவே கை நடுங்குது. அவங்க யாரு, கடவுளா?"

"கடவுள் தேதி போட்டுக் கொடுக்க மாட்டாருங்க."

உள்ளறையிலிருந்து மாமியார் வந்தார். மருமகள் ஒரு கர்னலைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதுவரைதான் அவருக்குத் தெரியும். பட்டாளத்து ஆள், வயதானவர், அடிக்கடி உடம்பு முடியாமல் போகும் என்று அவராகவே ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்.

"இன்னும் இருபது வருஷமா பார்த்துக்கணும்?"

"ஆமா அத்தை."

"ஐயோ பாவம். அந்த மனுஷனுக்குப் பெத்த பிள்ளைங்க யாரும் இல்லையா?"

"பதினோரு பேர் இருக்காங்க அத்தை."

"ஒருத்தரும் பார்க்கறதில்லையா?"

"கூடிக் கூடிப் பேசறாங்க."

"எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்று மாமியார் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனார். நிறுவனத்தின் கட்டமைப்பை அதற்குமேல் துல்லியமாக எந்த ஆலோசகரும் சொன்னதில்லை.

ஆலோசகர் ஒருவர் வரத்தான் செய்தார். மூன்று நாள் நான்காவது மாடியில் உலாவி, தண்ணீர் கேன் மேசைவரை அளந்து, ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம் இது: நிறுவனம் நிரந்தர ஆதரவை வழங்குகிறது, அதைச் செய்பவரோ வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் தற்காலிக ஊழியர். நிரந்தரத்தைத் தற்காலிகம் தாங்குவது பார்வைக்கு நன்றாக இல்லை. இந்த முரண்பாடு உடனே களையப்பட வேண்டும்.

விஷயம் காதுக்கு வந்ததும் ஒட்டு மேடத்துக்கு உச்சி குளிர்ந்தது. பதினான்கு வருடம் கழித்துத் தன்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று எண்ணினார். கணவரிடம்கூடச் சொல்லிவிட்டார். மெக்கானிக் அந்த சந்தோஷத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு வாரண்டியை ஏழு மாதமாக்கினார்.

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தால் ஒரு கடிதம்: 'தங்கள் பணியின் ஆதரவுக் காலம் நிறைவடைந்தது. இனி தங்களுக்குப் புதுப்பிப்புகள் வராது. தொடர்ந்து சிறப்பான சேவையைப் பெற, புதிய பதிப்புக்கு மாறுமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

ஒட்டு மேடம் நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், முரண்பாட்டக் களையணும்னா என்னை நிரந்தரமாக்கலாமே?"

"அதுவும் ஒரு வழின்னு குழு பரிசீலிச்சது" என்றார் இயக்குநர் மிகுந்த நேர்மையோடு. "ஆனா உங்கள நீக்கறதுக்கு ஒரு படிவம்தான். நிரந்தரமாக்கறதுக்கு நாலு."

"அப்ப ஒட்டு?"

"குழு இருக்கே."

அந்தக் குழுவில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர் கடைசியாகப் பதவி உயர்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒட்டு மேடம் தன் தண்ணீர் பாட்டிலையும், முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவை இழுத்தார். வரவில்லை. தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். லிஃப்டில் இறங்கும்போதுதான் கண்ணீர் வந்தது. தரைத்தளத்தில் கதவு திறப்பதற்குள் துடைத்துக்கொண்டார்.

எண்ணி ஒன்பதாம் நாள் ஓட்டை விழுந்தது.

சாதாரண ஓட்டையில்லை. வெளியாள் ஒருவன் நோகாமல் உள்ளே வந்து, திரையை அப்படியே உறைய வைத்துவிடலாம். நங்கூரத்தின் பன்னிரண்டு வருடப் பழைய கர்னல் ஓடும் எல்லா இடத்திலும் அந்த ஓட்டை இருந்தது. செய்தி காலை ஒன்பது மணிக்கு வந்தது. அதற்குள் இரண்டு ரயில் நிலையங்களில் அறிவிப்புப் பலகை முந்தின இரவே உறைந்து, நேற்றைய வண்டிகளை இன்றைக்கும் வரவேற்றுக்கொண்டிருந்தது.

நகரத்தின் மறுகோடியில் ஓர் ஆஸ்பத்திரி. அதில் டயாலிசிஸ் பிரிவு. பதினான்கு கட்டில், பதினான்கு இயந்திரம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப அனுப்பும் இடம். ஒவ்வொரு கட்டிலின் ரத்த அழுத்தமும் கம்பி வழியாக நர்ஸின் மேசைக்கு வரும். எண் இறங்கினால் மணி அடிக்கும். அந்த மேசைக் கணினியில் இருந்தது அந்தக் கர்னல்தான். பொறுப்பில் இருந்த டெக்னீஷியன் பெண் செய்தியைப் படித்ததும் வெளியுலகக் கம்பியைப் பிடுங்கப் போனாள். அதைப் பிடுங்கினால் மேசையும் சேர்ந்து குருடாகும் என்பது பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது. திரும்பச் செருகினால் வெளியாள் வரலாம். வந்து திரையை உறைய வைத்தால், எண் இறங்குவதே தெரியாது. செருகவில்லை. பதினான்கு கட்டிலுக்கு ஊழியர்கள் மூன்றே பேர். என்ன செய்வாள்? வெளியே காத்திருந்த உறவினர்களை உள்ளே கூப்பிட்டு, கட்டிலருகே இயந்திரத்தில் தெரியும் எண்ணைக் காட்டினாள்.

"இந்த நம்பரையே பார்த்துட்டு இருங்க. நூறுக்குக் கீழ போனா சத்தமா கத்துங்க."

"நூத்திப்பத்து!" என்றார் ஒரு மாமா உடனே.

"கீழ போனா மாமா!"

"எங்களுக்கு நூத்திப்பதினஞ்சு" என்றாள் பக்கத்துக் கட்டில் மருமகள், ஏதோ பரீட்சை மதிப்பெண் மாதிரி.

டெக்னீஷியன் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள்.

"உங்க கர்னலுக்கு ஆதரவு இருக்கு மேடம்" என்றது ஒரு தேன் குரல். "இன்னும் எட்டு வருஷம் இருக்கு."

"அப்ப ஓட்டைய அடைச்சுக் குடுங்க. நோயாளிங்க படுத்திருக்காங்க."

"ஆதரவு இருக்குன்னு உறுதிப்படுத்தத்தான் மேடம் நாங்க. அடைக்கறது நீயா."

"நானா?"

"நீ.ஆ. குழு மேடம்."

நான்காவது மாடியில் நீ.ஆ. குழு அவசரமாகக் கூடியிருந்தது. ஆயுள் நீட்டிப்பு மேலாளர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து "நீயா?" என்றார். ஒருங்கிணைப்பாளர் அடுத்தவரைப் பார்த்து "நீயா?" என்றார். மேசையைச் சுற்றிப் பதினோரு முறை குழுவின் பெயர் ஒலித்தது. அதன் வரலாற்றிலேயே முதல்முறையாக அந்தப் பெயர் பொருத்தமாக இருந்தது.

டெக்னீஷியனிடம் இன்னொரு எண் இருந்தது. இரண்டு வருடம் முன்பு, போட்ட ஒட்டு சரியாகப் பொருந்தியதா என்று விசாரிக்க ஒரு பெண்மணி தானாகவே அழைத்திருந்தார். அப்படி யாரும் அழைத்ததில்லை என்பதால் அந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"அக்கா, நீங்க இப்பவும் அங்கதான் இருக்கீங்களா?"

"இல்லம்மா. எனக்கு ஆதரவு முடிஞ்சிடுச்சு. என்ன விஷயம் சொல்லு."

சொன்னாள். பின்னணியில் "தொண்ணூத்தெட்டு! தொண்ணூத்தெட்டு!" என்று யாரோ அலறுவதும், ஓடும் காலடிச் சத்தமும் ஒட்டு மேடத்துக்குக் கேட்டது.

நங்கூரத்தின் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஒட்டு மேடம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியை வைத்தார். புதுக் கர்னலுக்கு வந்த ஒட்டை எடுத்துப் பழையதன்மேல் வைத்துப் பார்த்தார். மூன்று இடத்தில் இடித்தது. இரண்டைச் சரிக்கட்டினார். மூன்றாவது மட்டும் அடங்கவில்லை. இங்கே அமுக்கினால் அங்கே துருத்தியது. மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை.

"அந்த இடத்துல முன்னாடி ஏதாவது ஒட்டுப் போட்டிருக்கியா?"

"ஏங்க?"

"ஃபிரிட்ஜ்ல அப்படித்தான். கேஸ் நிக்கலைன்னா முதல்ல நான் பழைய பத்தவச்ச இடத்தைத்தான் பார்ப்பேன்."

ஒட்டு மேடம் அந்த இடத்தைத் திறந்து பார்த்தார். ஆறு வருடத்துக்கு முன் தானே போட்ட ஒட்டு ஒன்று அங்கே படுத்திருந்தது. அதைப் பிரித்து, இரண்டையும் சேர்த்துத் தைத்தார். ஓடவிட்டுப் பார்த்தார். இடிக்கவில்லை. மறுபடி ஓடவிட்டார். மெக்கானிக் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியோடு தயாராக நின்றார்.

"எங்க போறீங்க?" என்றார் மாமியார்.

"கர்னலுக்கு ரொம்ப முடியலையாம் அத்தை. ஆஸ்பத்திரிக்கு."

"பதினோரு பேர்ல ஒருத்தன் வந்தானா?"

"இல்ல அத்தை."

"உருப்பட மாட்டானுங்க" என்றார் மாமியார்.

ஒன்றே முக்காலுக்கு டயாலிசிஸ் பிரிவுக்குள் நுழைந்தார்கள். பதினான்கு கட்டில்களின் அருகிலும் ஆட்கள் தொண்டை கட்டிப்போய் எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குக் குரலே போய்விட்டது, விரலால் காட்டினார். ஒட்டு மேடம் நர்ஸின் மேசையில் உட்கார்ந்து ஒட்டை ஏற்றினார். கணினி அணைந்தது. அது திரும்ப எழுந்திருக்க ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில் டெக்னீஷியன் அவருடைய தோளை இறுகப் பிடித்திருந்தாள், விரல் பதிந்துபோகும் அளவுக்கு. கணினி எழுந்ததும் கம்பியைச் செருகினாள். திரையில் ஒரு கட்டில் தெரிந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் பதினான்கும் தெரிந்தன. குரல் போன மாமா கைதட்டினார்.

அதே ஒட்டை ஒட்டு மேடம் பொதுவில் போட்டு வைத்தார். மாலைக்குள் நாற்பது ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன. ரயில் நிலையத்துக்கு இன்றைய வண்டிகள் வரத் தொடங்கின.

மறுநாள் நிறுவனம் அறிக்கை விட்டது: 'எங்கள் நீண்டகால ஆதரவின் வலிமை மீண்டும் நிரூபணமானது.' பதினோரு பேரும் சேர்ந்து நின்ற படமும் வந்தது. அதற்கு மறுநாள் இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்தது.

ஒட்டு மேடம் போனார். இம்முறை தூணுக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் ஒரே ஒரு தாளை நீட்டினார். இயக்குநர் வாசித்தார். பழையபடி ஒட்டுப் போட அவர் தயார். கூட மூன்று பேர் வேண்டும். அவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுப்பார். நான்கு பேருக்கும் ஐந்து வருடத்துக்கு வேலை உறுதி என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இயக்குநர் தாளைக் கீழே வைத்துவிட்டு, பரிவோடு சிரித்தார்.

"மேடம், நீங்க விவரம் தெரிஞ்சவங்க. அஞ்சு வருஷமா? தொழில்நுட்பம் எவ்வளவு வேகமா மாறுது! நாளைக்கு என்ன நடக்கும்னே தெரியல. அஞ்சு வருஷத்துக்கு எல்லாம் இன்னைக்கே எவனாவது எழுதிக் குடுப்பானா?"

ஒட்டு மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இயக்குநரும் மரியாதைக்காகக் கொஞ்சம் சிரித்துவைத்தார். குறிப்பில், 'பேச்சுவார்த்தை மகிழ்ச்சியான சூழலில் நிறைவடைந்தது' என்று எழுதினார்கள்.

ஒட்டு மேடம் இப்போது ஆறு ஆஸ்பத்திரிகளுக்கு நேரடியாக ஒட்டுப் போடுகிறார். கூட இரண்டு பேர் கற்றுக்கொள்கிறார்கள். எழுதிக் கொடுத்திருப்பது மூன்று வருடத்துக்கு. அதற்குமேல் ஒரு நாள்கூடச் சேர்க்க மறுத்துவிட்டார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட வந்த ஆஸ்பத்திரி நிர்வாகி தயங்கினார்.

"மூணு வருஷம்தானா? அந்தக் கம்பெனிக்காரங்க இருபதுன்னு சொல்றாங்களே?"

பதில் சொன்னது டெக்னீஷியன் பெண்.

"ஆமா சார், அவங்ககிட்ட இருபது இருக்கு. ஒட்டுப் போட இருப்பதுதான் யாருமில்ல."